பின் ஆக்ஸில் ஒழுகல்: சீல் மட்டும் போதுமா, ஸ்லீவ் போடுவதா, லேத்துக்கு அனுப்புவதா?

பழைய டிராக்டரின் பின் சக்கரத்துக்கு உட்புறம் எண்ணெய் வழிந்து, பிரேக் டிரம்மின் அடியில் புழுதியோடு கருப்புக் களிம்பாக அப்பியிருந்தால், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். புது சீல் போட்ட சில வாரங்களிலேயே மறுபடி ஒழுகுகிற வண்டிகள் ஏராளம். சீலின் ரப்பர் உரசி உரசி, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளம் அப்படியே இருக்க, சீலை மட்டும் மாற்றுவதுதான் காரணம். அதனால் எந்த வழி நல்லது என்பதை ஷாஃப்ட்தான் சொல்ல வேண்டும்.

எதையும் கழற்றும் முன் பிரீதரைப் பாருங்கள். ஆக்ஸிலை மூடியிருக்கும் உறையான ஹவுசிங்கின் மேலே இருக்கும் அந்தச் சின்ன மூச்சுத்துளை மண்ணும் பெயின்ட்டும் அடைத்துக் கிடந்தால், ஓடும்போது சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். எண்ணெய் அளவு குறிக்கு மேலே இருந்தாலும் இதே கதைதான். கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் ஓடும் வண்டிகளில் அளவைக் கூட்டி ஊற்றிவிடுவது சகஜம். இந்த இரண்டையும் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகும் ஒழுகினால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் மருந்து எண்ணெய்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மனம் இல்லை. ரப்பரை உப்பவைப்பதுதான் அவற்றின் வேலை. மிகப் பழைய வண்டிகளில் தோல் அல்லது ஃபெல்ட் சீல் இருக்கும். அதில் இந்த மருந்து எதுவும் செய்யாது. பிரேக்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கும்போது நாள் கடத்துவது ஆபத்தும்கூட.

சீல் மட்டும் மாற்றுவது

ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு, சீல் ஓடிய தடத்தின் குறுக்கே நகத்தை இழுங்கள். தடம் பளபளப்பாக மட்டும் தெரிந்து, நகம் எங்கும் மாட்டாவிட்டால் புது சீல் ஒன்றே போதும். இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது. ஆனால் அளவில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இங்கிலாந்து, அமெரிக்க வண்டிகள் பலவும் அங்குலக் கணக்கில் செய்தவை. 2 அங்குல ஷாஃப்ட் என்பது 50.8 மி.மீ.; அதில் 50 மி.மீ. சீலை இழுத்துப் போட்டால் ஷாஃப்ட்டைத் தொடும் அதன் ரப்பர் உதடு, அதாவது லிப், இறுக்கமாக உரசிச் சூடேறி சீக்கிரமே கெட்டிப்படும். ஷாஃப்ட் விட்டம், ஹவுசிங் துளை, சீலின் அகலம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். சேற்றில் இறங்கும் வண்டிக்கு, தூசி தடுக்கும் இரண்டாவது லிப் உள்ள நைட்ரைல் ரப்பர் சீல் நல்லது. இரண்டு லிப்புக்கும் நடுவே கிரீஸ் தடவ வேண்டும். மெதுவாகச் சுற்றும் இந்த ஷாஃப்ட்டுக்கு விலை உயர்ந்த வைட்டான் ரப்பர் தேவையில்லை.

சீலைத் தள்ளி உட்காரவைப்பது

நகம் மாட்டுகிறது, ஆனால் ஹவுசிங்கில் இடம் இருக்கிறது என்றால், சீலை 2 முதல் 3 மி.மீ. வரை முன்னே அல்லது பின்னே உட்காரவைத்து, தேயாத இடத்தில் லிப் ஓடும்படி செய்யலாம். கூடுதல் செலவே இல்லை. சீல் கோணலாக உட்காரக் கூடாது, எண்ணெய் திரும்பும் துளையை மறைக்கக் கூடாது, பேரிங்கில் உரசக் கூடாது. லிப் பாலிஷ் செய்த பகுதியைத் தாண்டிச் சொரசொரப்பான இடத்துக்குப் போய்விட்டால் நிலைமை முன்பைவிட மோசம். ஹவுசிங்கில் சீல் சாய்ந்து நிற்க விளிம்பு இருந்தால், அது விடும் அளவுக்குத்தான் தள்ள முடியும்.

மெல்லிய ஸ்லீவ்

பள்ளம் தெளிவாகத் தெரியும் ஷாஃப்ட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சுமார் 0.28 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு உறையைப் பள்ளத்தின் மேல் ஏற்றுகிறோம். இவ்வளவு மெல்லியது என்பதால் பழைய அளவு சீலே பொருந்தும். தேயாத இடத்தில் மூன்று திசைகளில் அளந்து, சராசரிக்கு ஏற்ற ஸ்லீவை வாங்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோகத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகும் முன்பே ஸ்லீவை ஏற்றிவிட வேண்டும். நிரப்பாமல் விட்டால் உறைக்கு அடியில் தாங்கல் இருக்காது. கூடவே வரும் கிண்ணத்தை மேலே வைத்து, நடுவில் சீராகத் தட்டி இறக்குங்கள். விளிம்பில் நேரடியாகச் சுத்தியல் பட்டு உறை நெளிந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதுதான்.

லேத் வேலை

ஸ்லீவ் தாங்காத அளவுக்கு அரித்த, துருக்குழி விழுந்த ஷாஃப்ட்டுக்கு மட்டும் இது. வெல்டிங்கில் மேடேற்றிக் கடைவதைவிட ஹார்டு குரோம் முலாம் போட்டு கிரைண்டிங் செய்வது பாதுகாப்பானது. டிராக்டரின் எடையும் இழுவையும் தாங்கும் ஷாஃப்ட்டில் வெல்டிங் சூடு பட்டால் வளையலாம், வெல்டை ஒட்டிய இடத்தில் பின்னாளில் விரிசலும் விடலாம். முடிக்கும் விதமும் முக்கியம். லேத் டூல் நகர்ந்த சுருள் கோடு மிச்சமிருந்தால், ஒரு பக்கமாகச் சுற்றும்போது அதுவே எண்ணெயை வெளியே இறைக்கும். கிரைண்டிங் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல், 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை சொரசொரப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும்

பேரிங்கில் ஆட்டம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஷாஃப்ட் ஆடும்போது லிப் ஒரு பக்கம் விலகி எண்ணெயை விட்டுவிடும். மாஸி ஃபெர்குசன் 35, 135 போன்றவற்றில் பேரிங்கைப் பிடித்திருக்கும் இறுக்கமான வளையமான காலரைத் துளை போட்டு உளியால் பிளந்துதான் எடுக்க வேண்டும். அவ்வளவு வேலை செய்யும்போது பேரிங்கையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். புதுக் காலரைச் சூடேற்றி இறக்கும்போது பேரிங்கிலும் சீலிலும் தீச்சுடர் படக் கூடாது. இடைவெளியைச் சரிசெய்ய வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான சிம்களை எடுத்த பக்கத்திலேயே திரும்பப் போடுங்கள்.

ஒழுகும் பக்கத்தை மட்டும் உயரமாகத் தூக்கினால் எண்ணெய் மறுபக்கம் ஓடிவிடும். பெரும்பாலும் முழுதாக வடிக்க வேண்டியதில்லை. தூக்கும் முன் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆடக்கூடிய முன்பக்க ஆக்ஸிலுக்கு இருபுறமும் ஆப்பு அடித்து, ஹவுசிங்கின் அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரே ஆள் சக்கரத்தைக் கழற்ற முயலக் கூடாது.

சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பிளைன் பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, லிப்பில் எண்ணெய் தடவி ஏற்றுங்கள். எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தாலும் உள்ளே ஊறியது சூடேறும்போது மறுபடி கசியும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது லைனிங் போடுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம் என்பதால், டிரம்மில் காற்று அடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது.