அவெர்ஷன்: வெறுப்பா, ஒவ்வாமையா, வேண்டாமையா?

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளிடம் அவெர்ஷன் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், 'வெறுப்பு' என்று சட்டெனப் பதில் வரும். கையடக்க அகராதிகள் கற்றுக்கொடுத்த பதில் அது. தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். வாக்கியத்தில் வைத்தால் இடிக்கும்.

வெறுப்பு எதிராளியை நோக்கிப் பாய்வது. அவனுக்குக் கெடுதல் வரட்டும் என்று நினைக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஹேட்ரெட் இருக்கிறது. அவெர்ஷன் பிறந்த லத்தீன் வினைக்கோ 'அப்பால் திருப்பு' என்பதே பொருள். பிடிக்காததைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அவ்வளவுதான். பாகற்காயை இலையோரம் ஒதுக்குகிறவன் பாகற்கொடியை வெட்டப் போவதில்லை.

அருவருப்பு சற்று நெருங்கி வருகிறது. ஆனால் அழுகலையும் புழுவையும் கண்டு உடம்பு கூசுகிற அந்த உணர்ச்சிக்கு டிஸ்கஸ்ட் போதும். மேடையில் பேச, கடன் வாங்க, கோர்ட் படியேற ஒருவருக்கு அவெர்ஷன் இருக்கலாம். அவற்றில் அருவருக்க என்ன இருக்கிறது?

உண்மையான சிக்கல் ஒவ்வாமையில்தான். பொருந்தாமை என்ற பழைய பொருளில் பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் இன்று அதை அலர்ஜிக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். மசக்கைக்காரப் பெண்ணுக்குக் கருவாடு வறுக்கிற வாசனை வந்தாலே போதும், எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். முந்தைய மாதம்வரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்தான். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறுபடியும் கேட்பாள். மருத்துவர்கள் இதை ஃபுட் அவெர்ஷன் என்பார்கள். சீட்டில் 'மீன் ஒவ்வாமை' என்று எழுதிவிட்டால் கதையே வேறு. அது உடலின் எதிர்ப்பு மண்டலம் செய்கிற வேலை: தோல் தடிக்கும், மூச்சுத் திணறும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். எலிகள் அதன்பின் அந்தத் தண்ணீரைத் தவிர்த்தன. தண்ணீரில் குற்றமில்லை, உடல்நலக்கேடு அந்தச் சுவையோடு ஒட்டிக்கொண்டது. சொதிச் சாப்பாடு முடித்த இரவில் வேறெதனாலோ வயிற்றைப் புரட்டியவருக்குப் பிறகு தேங்காய்ப்பால் வாசனையே பிடிக்காமல் போவதும் இந்த வகைதான். இதை ஒவ்வாமை என்பது தவறு, வெறுப்பு என்பது அநியாயம்.

பொருளியல்காரர்கள் 'தவிர்ப்பு' என்கிறார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய கட்டுரைவழி பரவிய லாஸ் அவெர்ஷன், தமிழில் இழப்புத் தவிர்ப்பு ஆனது: நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைத்த வருத்தம் பெரிது. கலைச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தவிர்ப்பு ஒரு செயல். அவெர்ஷன் ஒரு மனநிலை. பல் மருத்துவரின் நாற்காலி வேண்டவே வேண்டாம் என்றிருப்பவரும் வலி வந்தால் தவிர்க்காமல் போய் உட்காருகிறார்.

என் ஓட்டு வேண்டாமைக்கு. 'வேண்டுதல் வேண்டாமை இலானடி' என்ற நான்காம் குறளை ஆங்கில உரைநடையில் பெயர்த்த ட்ரூ, லாசரஸ் பதிப்பு, வேண்டாமைக்கு அவெர்ஷன் என்றே போட்டிருக்கிறது. நம் சாயர்புரத்தில் இருந்த போப்பையர் 1886இல் வெளியிட்ட செய்யுள் வடிவத்தில் அந்தச் சொல் இல்லை. ஓசைக்காக வேறு வழி போய்விட்டார். இந்த ஓரிடத்தில் எனக்கு உரைநடையே பிடிக்கிறது.

பேச்சில் நெல்லைக்காரர்களுக்கு 'ஆகாது' இருக்கிறது. கத்தரிக்காயும் ஆகாது, பங்காளியும் ஆகாது. நல்ல அகலமான சொல். அகலமாக இருப்பதாலேயே அலர்ஜியும் அதற்குள் நுழைந்துகொள்ளும். மருத்துவர் என்றால் இரண்டாவது கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது அவெர்ஷனுக்குப் பின் 'டூ' போடுங்கள். லத்தீனைக் காட்டி 'ஃப்ரம்' தான் சரி என்று வாதாடியவர்கள் உண்டு. அரைகுறை அறிவில் முளைத்த பண்டிதத்தனம் என்று ஆங்கிலச் சொல்வழக்குக் கையேடு எழுதிய ஃபௌலர் 1926லேயே அவர்களைக் கடிந்துவிட்டார். இதன் பெயரடையான அவெர்ஸும் (averse) அதுபோலவே ஒலிக்கிற அட்வெர்ஸும் (adverse) வேறு வேறு. முன்னது மனம் உள்ளவர்களுக்கு. பின்னது தீர்ப்பு, பக்கவிளைவு, வானிலை போன்றவற்றுக்கு. மழைநாளை அவெர்ஸ் என்று எழுதினால், பெய்ய மனமில்லாத மேகம் என்றாகிவிடும்.