ஒரு வாளித் தண்ணீரை நம்பி எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். நேற்று இரவு மழையில் வீட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர். மழைநீர் வடிகாலுக்காக எட்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நாங்கள் குடிவந்தபோது சுற்றிலும் காலி மனைகள், பெய்கிற மழையை மண்ணே குடித்துவிடும். இப்போது எல்லாம் வீடு, வாசல் வரை சிமெண்ட். சாலையையும் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எங்கள் வாசலைவிட உயர்த்திவிட்டார்கள், தெரு வடிகால் மட்டும் அதே பழைய அளவு. வேறு வழியில்லாமல்தான் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன்.

வந்தவர் பொறுமையாகப் பேசினார். உறிஞ்சுகுழி தோண்டி, ஜல்லி நிரப்பி, மாடித் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் அதில் விடுவதாகத் திட்டம். வேலை முடிந்ததும் என் கண் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், கடகடவென்று இறங்கியது. "பாத்துக்கிட்டீங்களா சார், இனி நிம்மதியா தூங்குங்க" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். வேலை முடிந்தது என்பதற்கான செயலி ஓடிபியைச் சொன்னேன், மிச்சப் பணமும் போய்விட்டது.

வாளி 15 லிட்டர் பிடிக்கும். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். இந்தக் கணக்கை அவர் போட்டிருக்க வேண்டாமா? எங்களுடையது களிமண், தண்ணீர் இறங்கவே நாள்கணக்காகும், நிலத்தடி நீர் மேலே வந்தால் குழி கீழிருந்தே நிரம்பும். காலையில் தோண்டிப் பார்த்தேன். ஜல்லியைச் சுற்றி மண் புகாமல் இருக்க ஒரு துணிகூட இல்லை, இடுக்கெல்லாம் சேறு. முற்றத்துக் குழாய்மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழி குழிப் பக்கமாக ஓடி நிற்கிறது. அதாவது குழிப் பக்கம் மேடு, வீட்டுப் பக்கம் பள்ளம்!

போன் செய்தால் முதலில் "மழை ஓவர் சார்" என்றார். அடுத்து "மண்ணு செட்டாகணும்". அப்புறம் எடுக்கவே இல்லை. செயலியில் புகார் போட்டால், வேலை முடிந்ததாக நீங்களே ஓடிபி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் பதில், பத்து நிமிடத்தில் புகாரை மூடிவிட்டார்கள். எட்டு மாதச் சம்பளம், அதற்கு ஒரு வரி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: குழி தோண்டும் முன் அதே இடத்தில் சின்னப் பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். குழாயை மூடும் முன் ரசமட்டம் வைத்துப் படம் எடுங்கள். ஒரு நல்ல மழை பார்க்காமல் ஓடிபியும் வேண்டாம், மிச்சப் பணமும் வேண்டாம்.

மறுபடி தூறல் போடுகிறது. பிள்ளைகளின் புத்தகங்கள் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றன, போய் எடுத்து வைக்கிறேன்.