ஆகஸ்டில் லிமா 'கடற்கரைச் சுற்றுலா': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் ஐந்து இரவு, ஆறு பகல் கடற்கரைச் சுற்றுலா என்று இரண்டு பேருக்கு 1,72,000 ரூபாய் கட்டி ஏமாந்தவன் எழுதுகிறேன். விமான டிக்கெட் இதில் சேராது. விற்றது சென்னையில் உள்ள ஒரு பயண ஏஜென்சி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதே படங்களைப் போட்டு இதே திட்டத்தை இன்னும் சிலர் விற்பதைப் பார்த்துவிட்டேன்.

அவர்கள் சொன்ன பொய்களை எண்ணினால் ஒன்றிரண்டுதான் தேறும். மீதி எல்லாம் சொல்லாமல் விட்டவை. அதனால்தான் கையும் களவுமாகப் பிடிப்பது கடினமாக இருக்கிறது.

நான் தாம்பரத்துக்காரன். மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மனைவி வங்கியில் காசாளராக இருந்தவள். சென்ற கோடையில் ஹூஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அங்கிருந்து லிமாவுக்கு நேர் விமானம் உண்டு, ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அமெரிக்க விசா ஆறு மாதமாவது செல்லுபடியாக இருந்தால் இந்தியர்களுக்குப் பெரு தனி விசா கேட்பதில்லை. இதை ஏஜென்சி இளைஞர் சரியாகவே சொன்னார். சொல்லிவிட்டு, 'விசா உதவிக் கட்டணம்' என்று 6,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார். தேவையில்லாத விசாவுக்கு என்ன உதவி என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஆகஸ்டில் வெயில் இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சார், சென்னை 13 டிகிரி வடக்கு, லிமா 12 டிகிரி தெற்கு. நம் மெரினா மாதிரிதான். கூட்டம் மட்டும் இருக்காது."

அட்சரேகை பேசும் பிள்ளை என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. நானும் புவியியல் வாத்தியார்தான் என்று பெருமையாகச் சொல்லி, அரை மணி நேரம் அவருக்கு வகுப்பே எடுத்தேன். பூமியின் தென்பாதியில் ஆகஸ்ட் குளிர்காலம் என்பது தெரியாமல் இல்லை. 12 டிகிரியில் என்ன பெரிய குளிர் என்று இருந்துவிட்டேன்.

ஹம்போல்ட் நீரோட்டம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! தெற்கே இருந்து கரையை ஒட்டி மேலேறி வரும் அந்தக் குளிர்ந்த நீர்தான் பெருவின் கடலோரத்தைப் பாலைவனமாக வைத்திருக்கிறது. மழை கிடையாது, ஆனால் குளிர்காலம் முழுவதும் நகரத்தின் மேல் ஒரு சாம்பல் மூட்டம் போர்த்திக்கொண்டிருக்கும். லிமாக்காரர்கள் அந்த வானத்துக்குக் 'கழுதை வயிறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து இறங்கும் பொடித் தூறலுக்குக் 'கருவா' என்று பெயர். குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் சட்டை ஈரமாகும். வெப்பம் 15 முதல் 19 டிகிரிக்குள். ஆறு நாளில் சூரியனை ஒரே ஒரு பிற்பகல் பார்த்தோம், நாற்பது நிமிடம். துவைத்துப் போட்ட துண்டு மூன்றாம் நாளும் காயவில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் கதை வேறு; அங்கே கடலில் குளிக்கும் காலம் அதுதான். விளம்பரத்தில் இருந்த தங்க மணல் படத்தை விடுதி வரவேற்பாளரிடம் காட்டினேன். அது மான்கோராவாக இருக்கும் என்றார். மான்கோரா லிமாவுக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. லிமாவில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் மிராஃப்ளோரஸ் பகுதி கடலுக்கு மேலே செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. கீழே இறங்கினால் மணலுக்குப் பதில் கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது அவை உருளும் சத்தம் மட்டும் அருமை.

இனி வந்து இறங்கிய இரவு. விமான நிலையம் லிமாவில் இல்லை, பக்கத்துத் துறைமுக நகரமான கயாவோவில் இருக்கிறது. 2025 ஜூனில் திறந்த புது முனையம், பளபளவென்று இருந்தது. மணி பதினொன்றரை. பெயர்ப் பலகையோடு ஒருவர் நிற்பார் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. யாரும் இல்லை. கொடுத்திருந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் தானாக வந்து பெட்டியைத் தள்ளத் தொடங்கினார். அங்கேயே, வெளியே வரும் வழியிலேயே, அனுமதி பெற்ற டாக்சிக்காரர்களின் கவுன்ட்டர்கள் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் அவர் பின்னால் போனோம். அட்டை தொங்கினாலே அதிகாரி என்று நம்பும் நம் ஊர்ப் பழக்கம்.

லிமா டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் பேசிக்கொள்வதுதான் கட்டணம். மிராஃப்ளோரஸ் என்று சொல்லி 90 சோல் பேசினார். சோல் என்பது பெரு நாட்டுப் பணம்; ஒரு டாலருக்கு மூன்றரை சோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு ரசீதில் இருந்த முகவரியைக் காட்டினேன். தலையை ஆட்டினார். இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டார். மிராஃப்ளோரஸுக்கு அவ்வளவு சீக்கிரம் போக முடியாது என்பது மறுநாள்தான் தெரிந்தது. இறங்கிய இடம் சான் மிகேல். விமான நிலையத்துக்கும் மிராஃப்ளோரஸுக்கும் நடுவில் இருக்கிறது.

ஏடிஎம்மில் எடுத்த 100 சோல் தாளைக் கொடுத்தேன். ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டு மடியின் பக்கம் குனிந்தார், விளக்கைப் போட்டார், முகத்தைச் சுளித்தார். "ஃபால்சோ, ஃபால்சோ" என்று தாளைத் திருப்பி நீட்டினார். கள்ள நோட்டாம். எனக்குக் கூச்சமாகிவிட்டது, அவசரமாக வேறொரு தாளை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டவர், மீதிப் பத்து சோலும் தராமல் பெட்டிகளை நடைபாதையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மனைவி வரவேற்பறை வெளிச்சத்தில் அந்தத் தாளை வாங்கினாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. "என்னங்க, இது நாம் கொடுத்த தாளே இல்லை" என்றாள். ஏடிஎம்மில் வந்தவை மடிப்புக் கலையாத புதுத் தாள்கள். இது நூறு கை மாறிய துணிபோலத் துவண்டு கிடந்தது. உருவப்படத்தின் மேல் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நல்ல தாளில் மை மேடாகத் தட்டுப்படும், இதில் வழுக்கிக்கொண்டு போனது. சாய்த்துப் பார்த்தாள்; நிறம் மாற வேண்டிய இடம் மாறவில்லை. முப்பது வருடம் நோட்டு எண்ணிய கை பின் இருக்கையில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது, பூகோளம் நடத்திய கை முன் இருக்கையில் பணம் கொடுத்தது. வரவேற்பாளர் ஆச்சரியமே படவில்லை. அங்கே இது பழைய வித்தை. சில்லறைத் தாள்களாக, பேசிய தொகையை மட்டும் எண்ணிக் கொடுங்கள். தாள் உங்கள் கையை விட்டுப் போன பிறகு திரும்பி வந்தால் வாங்காதீர்கள்.

டாக்சிக்காரருக்கு ஏஜென்சி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: வருகிறேன் என்று சொன்ன ஆள் வந்திருந்தால் அந்த டாக்சியில் ஏறியிருக்கவே மாட்டோம். வண்டிக்கும் முன்கூட்டியே பணம் வாங்கியிருந்தார்கள்.

'மிராஃப்ளோரஸில் கடல் பார்த்த அறை, அல்லது அதற்கு இணையானது.' ஒப்பந்தத்தில் இருந்த வரி இதுதான். அந்த 'அல்லது'தான் எங்களைச் சான் மிகேலில் கொண்டுபோய் இறக்கியது. அறையில் இருந்து கடல் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். குளியலறை ஜன்னலின் இடது ஓரத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மூட்டம் விலகினால். சுவரில் தொங்கிய கட்டணப் பலகையில் அந்த அறைக்கு இரவுக்கு 55 டாலர் போட்டிருந்தது. எங்கள் கணக்கில் அதே இரவு 18,000 ரூபாய்.

நகர உலா ஒருநாள். மாயோர் சதுக்கம், பேராலயம், சான் பிரான்சிஸ்கோ மடம் என்று பட்டியல் நீளமாக இருந்தது. மடத்தின் நிலவறைகளில் அடுக்கி வைத்திருக்கும் எலும்புகளைப் பார்க்கலாம் என்று மனைவியிடம் பயமுறுத்தி வைத்திருந்தேன். பஸ் எல்லா இடத்திலும் நின்றது; படம் எடுக்கப் பத்து நிமிடம். நுழைவுச் சீட்டு திட்டத்தில் சேராதாம். கயாவோவில் இருந்து கடல் சிங்கங்களைப் பார்க்கப் போகும் படகில் எங்கள் பெயரே பதிவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை உவாகா புக்யானா என்ற பழங்கால மண் கோபுரம் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு வார விடுமுறையே செவ்வாய்தான்! இதை எழுதியவர் லிமாவுக்குப் போனதே இல்லை என்பது அந்தப் பூட்டைப் பார்த்தபோது உறுதியானது. புதன்கிழமை நாங்களாகவே மறுபடியும் போனோம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. மிராஃப்ளோரஸ் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய லிமா பண்பாட்டினர் பச்சை மண் செங்கல்லில் எழுப்பிய படிக்கோபுரம். செங்கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல நிற்க வைத்திருக்கிறார்கள், இடையில் சிறு இடைவெளி விட்டு. நிலம் நடுங்கும்போது சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்குமாம். சுடாத செங்கல் ஆயிரத்து ஐந்நூறு வருடமாகக் கரையாமல் நிற்பதற்குக் காரணம் அங்கே மழை பெய்யாததுதான். என் வெயிலைத் திருடிய அதே நீரோட்டம்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. நாங்கள் சைவம். மீனை எலுமிச்சையில் ஊறவைக்கும் செபிச்சேக்காக உலகமே லிமாவுக்குப் போகிறது, எங்களுக்கு அது இல்லை. சிஃபா எனப்படும் சீன உணவகங்களில் முட்டையும் இறைச்சியும் போடாமல் சௌஃபா சோறு செய்து தரச் சொல்லிக் காலத்தை ஓட்டினோம். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

கடைசி நாள் விடுதியில் ரசீது நீட்டினார்கள்: வாடகைக்கு மேல் 18 சதவீத வரி, ஏஜென்சி கட்டவில்லையாம். எதிர் அறையில் தங்கியிருந்த சிலி நாட்டுத் தம்பதிதான் எங்களைக் காப்பாற்றினார்கள். 60 நாளுக்குள் தங்கும் வெளிநாட்டவருக்கு அறை வாடகையில் அந்த வரி கிடையாது. கடவுச்சீட்டும் குடிவரவுப் பதிவும் காட்டினால் போதும். காட்டினேன். மேலாளர் வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். "லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்" என்று அந்தத் தம்பதி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வாசித்தேன். புகார்ப் புத்தகம் என்று பொருள். அந்த நாட்டில் எல்லாக் கடையும் விடுதியும் அதை வைத்திருந்தே ஆக வேண்டும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மேலாளர் வரவில்லை, வரி மறைந்துவிட்டது. அந்த மூன்று சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது இன்னும் வரவில்லை. லிமாவில் நான்காம் நாள் இரவு, மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவன் தொலைபேசியில் சாதாரணமாகக் கேட்டான்: "ஐயா, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டுதானே போனீர்கள்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிமாவுக்கு மட்டும் போகிறவருக்கு அந்த ஊசி உடல்நலத்துக்காகத் தேவையில்லை. நம்மிடம் பெருக்காரர்களும் கேட்பதில்லை. ஆனால் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். நம் விமான நிலையத்தில் நாட்டைத்தான் பார்ப்பார்கள், எந்த நகரம் என்று பார்க்க மாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். எங்களுக்கோ ஹூஸ்டன் திரும்பி மூன்றாம் நாள் சென்னை விமானம். இருவர் டிக்கெட்டையும் தள்ளிப்போட 380 டாலர் ஆனது. அந்த ஊசி போடும் கிண்டி கிங் நிலையம் எங்கள் வீட்டில் இருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

பணம் கட்டியதில் என் தவறும் உண்டு. ஜிஎஸ்டி ரசீது கேட்கவில்லை. தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஏஜென்சி அசையவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். வாட்ஸ்அப் உரையாடல், திட்டத் தாள், அந்தக் கட்டணப் பலகையின் படம், பூட்டிய கதவின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஏஜென்சியின் பதில் மனு வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், புகார்தாரர் தானே ஒப்புக்கொண்டபடி ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் என்றும், ஆகஸ்ட் மாதத்தில் லிமாவின் பருவநிலை எப்படி இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மனைவி அதை இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டாள்.