முன் டிஃபரன்ஷியலை வெல்டு வைத்த காரைக்குடி லேத் பட்டறை: என் அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா எம்எம்540 ஜீப். தைலமரக் காட்டுக்கும் கண்மாயை ஒட்டிய தோப்புக்கும் வேறு எந்த வண்டியும் போகாது. ஐப்பசி மழை பிடித்தால் செம்மண் பாதையைக்கூடச் சமாளித்துவிடலாம், கண்மாய் உள்வாயின் களிமண்தான் வண்டியை விழுங்கும். ஃபோர்வீல் போட்டாலும் முன்னால் ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாது. டிஃபரன்ஷியல் என்பது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரக் கூட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குதான் கொடுக்கும். வழுக்குகிற சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு போதுமோ, அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் லாக்கர் வாங்க வசதியில்லை. அதனால் போன வருடம் வேறொரு இடத்தில் அதே பூட்டுக்காக டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரையும் சைடு கியரையும் சேர்த்து வெல்டு வைத்தேன். ஹவுசிங்கிலிருந்து எதையும் இறக்காமல், மூடியைக் கழற்றி, எண்ணெய் ஈரத்தோடேயே சாதாரண ராடால் ஒட்டினார்கள். மூன்றாம் மாதம் தோப்பு வரப்பில் ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஒட்டு விரிந்து பெயர்ந்திருந்தது. அதன் துண்டு சிக்கி, கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிருந்தது. கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்த முறை போனது தேவகோட்டை சாலையில் உள்ள ஒரு சின்ன லேத் பட்டறை. பெரியவர் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, முன் ஹப் ரெண்டும் ஃப்ரீ ஆகுதா? இல்லேன்னா நான் தொடமாட்டேன்." வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் நேராகவே போகப் பார்க்கும். ஹப்பை ஃப்ரீயில் வைத்தால், அதாவது சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவித்துவிட்டால், தார்ச்சாலையில் அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு ஹப்பையும் அவரே திருகிப் பார்த்த பிறகுதான் வேலையை ஒத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் செய்த வேலை இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆக்சிலை உருவி, டிஃபரன்ஷியலை முழுதாக வெளியே எடுத்தார். பேரிங்குகளைப் புல்லர் போட்டுக் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை இடது, வலது கலக்காமல் தனித்தனிப் பையில் கட்டினார். கிரவுனையும் பிரித்து வைத்தார். கியர்களை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை திரும்பத் திரும்பத் துடைத்தார். கியர் பல்லின் மேற்பரப்பு கடினப்படுத்திய எஃகு. குளிரக் குளிர வெல்டு வைத்தால் விரிசல் விடும். அதனால் கேஸால் சூடேற்றி, 200 டிகிரியில் உருகும் சாக்பீஸை உரசிப் பார்த்தார். உருகியதும் அடுப்பில் காயவைத்திருந்த 7018 ரக வெல்டிங் ராடை எடுத்தார். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்தார். முடிந்ததும் உலர்ந்த சுண்ணாம்புத் தூள் நிரப்பிய டின்னில் புதைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வாங்க" என்றார். மறுநாள் தொட்டபோதும் வெதுவெதுப்பு இருந்தது. மாட்டும்போது டயல் கேஜ் வைத்து கிரவுன் பினியன் இடைவெளியைப் பார்த்தார். போன தடவை யாரும் அதைத் தொடவே இல்லை.

குறையும் உண்டு. இரண்டு நாள் என்று சொன்னது ஐந்து நாள் ஆயிற்று. பழைய ஆயில் சீலையே மறுபடி போட்டதால் ஒரு பக்கம் கசிந்தது. சொன்னதும் காசு வாங்காமல் புதிது மாற்றிக் கொடுத்தார், ஆனால் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். பில் கிடையாது, துண்டுச்சீட்டில்தான் கணக்கு. 90 நம்பர் கியர் ஆயில் உட்பட 6,500 ரூபாய் ஆனது. அந்த உழைப்புக்கு இது அதிகமில்லை.

வெல்டு வைத்து இரண்டு தடவை மழை பார்த்தாயிற்று. அதே உள்வாயில் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கின்றன. ஃபோர்வீலில் வளைத்தால் ஸ்டீயரிங் கனக்கிறது, இரண்டு கையும் வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது, அடுத்து உடைவது ஆக்சில் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்தான் என்று பெரியவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பின் டிஃபரன்ஷியலையும் இப்படியே செய்யலாமா என்று கேட்டேன். "ரோட்டுல ஓடுற வண்டிக்குப் பின்னால வேண்டாம் தம்பி, அங்க ஃப்ரீ பண்ண ஹப் கிடையாது" என்று சொல்லி, வந்த வேலையை அவரே வேண்டாம் என்றுவிட்டார்.