சோடியம் பற்றரிக்கான இரண்டு மங்கனீசுத் தூள்கள்: திருகோணமலைக் காற்றுக்கு எது தோது?

இணையத்தில் 100 கிராம் பைகளாக விற்கப்படும் கதோட்டு (பற்றரியின் நேர்முனை) தூள்களில் இரண்டைப் பற்றி இங்கே. ஒன்று நிக்கல், இரும்பு, மங்கனீசு மூன்றும் சம பங்கில் சேர்ந்த அடுக்கு ஒட்சைட்டு. மற்றது மங்கனீசு அணு ஒன்றுக்கு 0.44 சோடியம் கொண்ட சுரங்க ஒட்சைட்டு, அதாவது படிகத்துக்குள் சுரங்கப்பாதை போன்ற வழிகள் உள்ளது.

அடுக்குத் தூளின் பையைப் பிரித்ததுமே காற்றின் ஈரமும் காபனீரொட்சைட்டும் அதன் மேற்பரப்புச் சோடியத்தை ஐதரொட்சைட்டாகவும் காபனேற்றாகவும் மாற்றத் தொடங்கும். வாடைக் காலத்தில் திருமலையில் இதைத் திறந்து வைத்து நிறுப்பது, உப்புப் போத்தலை மூடாமல் விட்ட கதைதான். குட்டு வெளிப்படுவது, அலுமினியத் தாளில் பூசுவதற்கான குழம்பு கலக்கும்போது. தூள் 8, காபன் கருப்பு 1, பி.வி.டி.எப். என்ற புளோரின் பிளாத்திக்குப் பசை 1 என்று என்.எம்.பி. என்ற சேதனக் கரைப்பானில் சேர்த்தால் முதலில் தேன்போல வழியும். பிறகு அந்த ஐதரொட்சைட்டின் காரத்தன்மை பசையைத் தாக்கி, களிபோல இறுகிவிடும். இன்னும் கரைப்பான் ஊற்றி இளக்கப் பார்க்காதீர்கள். பூச்சு காய்ந்ததும் அலுமினியத் தாளிலிருந்து செதில் செதிலாக உரியும். 120 பாகையில் வெற்றிடத்தில் உலர்த்தினால் ஈரம் போகும், காபனேற்று போகாது.

பை வந்த அன்றே 1 கிராமை 10 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி பி.எச். பாருங்கள். புதுத் தூளே 12ஐ ஒட்டிக் காட்டும். அந்த எண்ணைப் பையில் எழுதி வைத்தால், பிறகு ஏறுவது தெரியும்.

சுரங்கத் தூளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீரில் கரையும் செலுலோசுப் பசையான சி.எம்.சி.யோடு வெறும் நீரிலேயே குழைக்கலாம். என்.எம்.பி. நாற்றமும் மிச்சம். ஆனால் மின் கொள்ளளவு கிராமுக்கு 120 மில்லியம்பியர்மணி என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது சோடிய உலோகத்தை எதிரே வைத்து அளந்த கணக்கு. முதல் மின்னேற்றத்தில் இந்தத் தூளிலிருந்து வெளிவருவது ஏறத்தாழப் பாதிச் சோடியம்தான். மீதி இடத்தை நிரப்புவது எதிரே உள்ள உலோகம். எதிர்முனையில் கடினக் காபன் வைத்த முழுக் கலத்தில் அந்த உதவி கிடையாது. 50, 60 கிடைத்தாலே பெரிய காரியம். அதிலும் முதல் சுற்றிலேயே கடினக் காபன் ஒரு பங்கை விழுங்கிவிடும். விற்பவர்கள் இதை எழுதாமல் விடுவது சரியில்லை.

அடுக்குத் தூள் 2 முதல் 4 வோல்ற்றுக்குள் ஏறத்தாழ 130 தரும், அதுவும் தன் சொந்தச் சோடியத்தில். உண்மையான கலம் செய்பவருக்கு அதுதான் வேண்டும். உலர்பெட்டி இல்லாவிட்டால், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதத்தில், வெயில் உச்சியில் பையைப் பிரித்து, பத்துப் பத்துக் கிராமாக அலுமினியப் பைகளில் போட்டு உடனே சூட்டால் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை திறந்த சிறு பையில் மிஞ்சியதைத் திரும்ப மூடி வைக்க வேண்டாம்.

பூச்சு பழகவோ, உப்புநீர் மின்பகுபொருளில் கலம் செய்து பார்க்கவோ என்றால் சுரங்கத் தூளை வாங்குங்கள். சேதன மின்பகுபொருள் ஊற்றுவதானால் எந்தத் தூளுக்கும் ஆகன் வாயு நிரப்பிய மூடிய பெட்டி வேண்டும்.