கெணறு தூர் வாரின டீம் பத்தி ஒரு ரிவ்யூ – 5க்கு 4, அடியில கெடந்த நாவக்கட்டைய காப்பாத்திக் குடுத்ததுக்காக

எங்க ஊரு திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரை. வீட்டுக் கொல்லையில கொள்ளுத்தாத்தா கட்டுன செங்கல் கெணறு, 24 அடி ஆழம். ஜூன் 12 மேட்டூர் தொறந்துட்டா ஊத்து ஏறிரும், அப்புறம் யாரும் எறங்க முடியாதுன்னு சித்திரை கடைசில அவசரமா ஆள் தேடினோம், சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி இந்த டீம் வந்தாங்க. மேஸ்திரியோட நாலு பேரு, ரெண்டு நாள் வேலை, 14,000 கேட்டாங்க, டீசல் பம்புக்கு தனியா 1,800.

மொதல்ல எனக்கு புடிச்சது, வந்தவுடனே யாரும் தொபுக்குன்னு உள்ள எறங்கல. ஹோஸ் மாட்டுன ப்ளோயர ஒரு மணி நேரம் ஓட்டினாங்க, எறங்கறவர் இடுப்புல பெல்ட், கயித்த மேல ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கெணத்து சேத்துல அழுகின முட்டை நாத்தம் வருமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற வெஷ வாயு. காத்தே இல்லாத சேத்துக்குள்ள வாழ்ற பாக்டீரியா ஆக்சிஜனுக்கு பதிலா தண்ணில இருக்கற சல்ஃபேட்ட வச்சு பொழைக்குது, அப்ப வெளிய வர்ற வாயு அது. மண்ணுல உள்ள இரும்போட சேந்துதான் அந்த சேறு மை மாதிரி கருப்பாகுது. அளவு கூடினா மூக்கே மரத்துப்போயி நாத்தம் கூட தெரியாது, அதனால ப்ளோயர் இல்லாம வர்ற ஆளுங்கள தயவுசெஞ்சு எறக்காதீங்க.

இப்ப கட்டை விஷயத்துக்கு வரேன். ஆத்துமணல் பூமில செங்கல் கெணறு கட்டணும்னா அந்தக் காலத்துல அடியில வட்டமா ஒரு மரக்கட்டைய போட்டு, அதுமேல செங்கல் வச்சுக்கிட்டே உள்ளேருந்து மணல தோண்டித் தோண்டி எறக்குவாங்க. பெரும்பாலும் நாவ மரம், தண்ணில தாங்கும்னு. எங்க கெணத்துலயும் அதுதான் இருந்துச்சு, ஒரு மொழ நீளத்துக்கு ஒரு துண்டு பேந்து சேத்தோட பக்கெட்ல மேல வந்துருச்சு. கூட வந்த பையன் மீதி வட்டத்தையும் கடப்பாரைய போட்டு கெளப்பப் போனான், மேஸ்திரி ஒரு சத்தம் போட்டு நிறுத்திட்டாரு. என்கிட்ட சொன்னாரு, "தம்பி, அது தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும்தான் மரம், வெயில்ல வச்சா சக்கைதான். இந்தத் துண்டையும் அண்டால தண்ணி ஊத்தி போட்டு வைங்க."

மூணு வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா வீட்டுல வேற ஒரு கான்ட்ராக்டர் இதே மாதிரி கட்டைய உருவி மேல போட்டுட்டுப் போனாரு. அந்த ஐப்பசி மழையில அடிவரிசை செங்கல் சரிஞ்சு கெணறே போச்சு, கட்டையும் கொல்லையில காஞ்சு தூளாப் போச்சு. அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

மேஸ்திரி ஒரு கோணி ஊசிய எடுத்து அந்தத் துண்டுல குத்திக் காமிச்சாரு. மேல் பக்கம் வாழைத்தண்டுல எறங்கற மாதிரி முழு ஊசியும் எறங்குச்சு. மணலுக்குள்ள பொதைஞ்சு கெடந்த கீழ்ப்பக்கம் கால் இன்ச் போயி டக்குன்னு நின்னுருச்சு. ஒரே கட்டை, ஒரே வயசு! வேலியில நட்ட கம்பு எப்பவும் மண்ணு மட்டத்துலதான் முறியும்ல, அதே கதைதான். நல்லா காஞ்ச மரத்துல பூஞ்சை வராது, அதுக்கு ஈரம் வேணும். முழுசா முங்கி இருந்தாலும் வராது, அதுக்கு காத்தும் வேணும். ரெண்டும் சேந்து கெடைக்கற எடத்துல புகுந்து தின்னும். அப்பா சின்னப்புள்ளையா இருந்தப்ப கோடையில கூட கட்டைக்கு மேல ஆறடி தண்ணி நிக்குமாம், இப்ப சுத்தி போர்வெல் வந்து சித்திரையில கட்டையோட தலை வெளிய தெரியுது, ஆடியில திரும்ப முங்குது. நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு மேல் பக்கம் போயிருச்சு.

அப்ப தண்ணிக்குள்ளயே இருந்த பக்கம் முழுசா தப்பிச்சதான்னா, அதுவும் இல்ல. ஆக்சிஜன் துளி கூட இல்லாத மாதிரி எடத்துலயும் வேலை பாக்கற பாக்டீரியா இருக்கு, எரோஷன் பாக்டீரியான்னு பேரு. மரத்தோட செல் சுவர உள்பக்கத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு செல்லுலோஸ தின்னும், மரத்துக்கு கெட்டி குடுக்கற லிக்னின் நெறைய இருக்கற நடு அடுக்க விட்டுரும். ரொம்ப ரொம்ப மெதுவா நடக்கறதால நூத்துக்கணக்கான வருஷம் கூட உருவம் அப்படியே நிக்கும், தின்ன எடத்துல எல்லாம் தண்ணி நெறைஞ்சு தாங்கிக்கிட்டு இருக்கும். பூம்புகார் பக்கம் கீழையூர்ல 1960கள்ல தோண்டி எடுத்த படகுத்துறையில மரக்கம்பம் கெடச்சதும், கார்பன் கணக்குல அது கி.மு. 3ஆம் நூற்றாண்டு பக்கம் போனதும் இந்த ஈரச்சேறு செஞ்ச உபகாரம்தான்.

அந்தத் தண்ணி போச்சுன்னா என்ன ஆகும்னு நானே பாத்தேன். துண்டுலேருந்து விரல் தண்டி சில்ல மட்டும் ஒடச்சு மூணு நாள் வெயில்ல வச்சேன். ஈரத்துல கருங்கல் மாதிரி கனத்தது, காஞ்சதும் நம்ம தஞ்சாவூர் நெட்டி மாதிரி லேசாயிருச்சு, பாதிக்குப் பாதி சுருங்கி, அடுப்புக்கரி மாதிரி குறுக்கும் நெடுக்குமா கட்டம் கட்டமா வெடிச்சிருந்துச்சு. தண்ணி ஆவியாகறப்ப வெத்து செல் சுவர உள்பக்கமா இழுத்துரும், தாங்க சதையில்லாம அமுங்கிரும். ஸ்வீடன்ல 1628ல முங்குன வாசா கப்பல 1961ல தூக்கினப்போ இதுக்குத்தான் 17 வருஷம் பாலிஎத்திலீன் கிளைக்கால்ங்கற மெழுகு மாதிரி பொருளோட கரைசல தெளிச்சுக்கிட்டே இருந்தாங்க, தண்ணி இருந்த எடத்துல அது போயி ஒக்காந்துக்கும். நமக்கு அதெல்லாம் ஆவாது, அண்டாத் தண்ணிதான்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் லேட், அள்ளுன சேத்த பக்கத்து வீட்டு வாய்க்கா கரையில கொட்டிட்டாங்க, நாங்கதான் அப்புறம் டிராக்டர் வச்சு அள்ளினோம். டீசல் காசையும் முன்னாடியே சொல்லிருக்கலாம்.

ஆனா பேந்த எடத்துல செங்கல் முட்டுக் குடுத்து, சுத்தி ஜல்லி போட்டு, மோட்டார் ஃபுட்வால்வ (தண்ணி உறிஞ்சற பைப்போட அடிவாய) கட்டைக்கு மூணு அடி மேல தூக்கிக் கட்டிக் குடுத்துட்டுப் போனாரு மேஸ்திரி. நாம எறைக்கறதுல கட்டைத் தலை இனி வெளிய வராது, போர்வெல்லு இழுக்கறதுக்கு அவரு என்ன பண்ணுவாரு. இதுக்கு தனியா காசு கேக்கல. தூர் வாரணும்னா மாசி பங்குனிலயே சொல்லி வச்சுருங்க, சித்திரையில அவங்க கெடைக்கறது கஷ்டம்.