கூலிக்குப் பருத்தி அரைத்த ஜின்னிங் மில்: கூடவே நின்று பார்த்த அனுபவம்

பெரம்பலூர் கரிசல் காட்டில் மானாவாரியாகப் பருத்தி போடுகிற நாங்கள் பத்துப் பேர், இந்த வருஷம் வியாபாரியிடம் விதையோடு கொடுக்காமல் 51 குவிண்டாலையும் சேர்த்து சேலம் பக்கம் ஒரு ஜின்னிங் மில்லில், அதாவது பருத்தியில் இருந்து கொட்டையையும் பஞ்சையும் தனித்தனியாகப் பிரிக்கிற ஆலையில், கூலிக்கு அரைத்துப் பஞ்சாகவே விற்றோம். காலையில் லோடு இறங்கியது முதல் பஞ்சை அழுத்திப் பேலாக (பொதியாக)க் கட்டும் வரை நான் அங்கேயேதான் நின்றேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இறக்கினதும் மேஸ்திரி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து, கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்தார். 'டக்'கென்று உடைந்தால் காய்ச்சல் சரி, நசுங்கினால் ஈரம். மீட்டரிலும் வைத்துப் பார்த்தார், எட்டு சதவீதம் காட்டியது. ஈரமாக இருந்தால் கொட்டை விடாது, பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும், பேலுக்குள் போனபிறகு நிறமும் மாறிவிடும். எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அங்கே இருப்பது எல்லாம் இரட்டை உருளை இயந்திரம். தோல் உருளை பஞ்சைப் பிடித்து அசையாத கத்திக்கு அடியில் இழுக்கிறது, இன்னொரு கத்தி மேலும் கீழும் ஆடிக் கொட்டையைத் தட்டிவிடுகிறது, கொட்டை சல்லடை வழியாகக் கீழே விழுகிறது. ரம்பப் பல் இயந்திரம் இதைவிட வேகம்தான், ஆனால் நீள இழையை அறுத்துவிடும். எங்கள் பருத்தி நீள இழை ரகம் என்பதால்தான் இந்த மில்லைத் தேடிப் போனோம். வெளியே வந்த பஞ்சைக் கையில் பிரித்துப் பார்த்தேன், இழை முழுசாக இருந்தது, மனசு நிறைந்துவிட்டது.

கணக்கும் சுத்தம். 5100 கிலோவுக்குப் பஞ்சு 1734 கிலோ, அதாவது 34 சதவீதம். கொட்டை 3260 கிலோ, மீதி 106 கிலோ தூசியும் ஈரமும். பேல் ஒன்று 170 கிலோ வீதம் பத்து பேல், மிச்சம் 34 கிலோவைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார்கள். கொட்டையை எண்ணெய் ஆலைக்காரர் அங்கேயே எடுத்துக்கொண்டார். மதுரைப் பக்கம் பருத்திப்பால் காய்ச்சுவதும் இந்தக் கொட்டையில்தான்.

இப்போது குறை. களம் சிமெண்ட் தரைதான், ஆனால் தார்ப்பாய் விரிக்கவில்லை, பக்கத்துக் குவியலில் இருந்து பறந்த சருகு எங்கள் குவியலில் கலந்தது. இரண்டு முறை சொன்ன பிறகுதான் அந்தக் குவியலை நகர்த்திப் போட்டார்கள். எடை மேடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கலாம்.

அப்புறம் எங்கள் தப்பையும் சொல்லியே ஆக வேண்டும். உர மூட்டைச் சாக்கில் பருத்தியை அடைத்துக் கொண்டு போயிருந்தோம். பஞ்சு மேடையில் நின்ற அக்கா ஒருவர் அந்தச் சாக்கில் இருந்து பிரிந்த நீல பிளாஸ்டிக் நூல் ஒன்றை இரண்டு விரலால் உருவி என்னிடம் காட்டி, "இது போனா துணியில சாயம் ஏறாதுங்க, நூல் மில்லுல அப்படியே தெரியும்" என்றார். பிறகு நானும் அவரோடு நின்று பொறுக்கினேன், மதியத்துக்குள் ஒரு கைப்பிடி நூல் சேர்ந்தது, அதோடு தலைமுடியும் சணல் பிசிறும். இந்தப் பொறுக்கும் வேலைக்கு ஆள் வைத்திருக்கிற மில் என்பதே எனக்குப் பெரிய விஷயம், எல்லா இடத்திலும் வைப்பதில்லை.

வரும் தை எடுப்புக்கும் அங்கேதான் போகிறோம். துணிச் சாக்கு தைக்க இப்போதே கொடுத்தாயிற்று. தார்ப்பாய் மட்டும் எங்களுடையதையே கொண்டுபோக வேண்டியிருக்கும்.